மூன்று வோல்ட் மோட்டாருக்கு முப்பத்தாறு வோல்ட்

மாட்டுத்தாவணியிலிருந்து மேலூர் பஸ் கிளம்புகிறது. கண்டக்டர் டிக்கெட் மெஷினில் இரண்டு பொத்தான்களை அமுக்கியதும் ‘டர்ர்’ என்ற சத்தத்தோடு தாள் வெளியே வருகிறது. அந்தச் சத்தம் உள்ளே இருக்கும் விரல்நுனி அளவு ஸ்டெப்பர் மோட்டாருடையது. சூடு பட்டால் கறுக்கும் தாளை, பொதுவாக ஒரு மில்லிமீட்டருக்கு எட்டுப் புள்ளி வரிகள் என்ற கணக்கில், அது கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுகிறது. கணக்குத் தவறினால் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கிவிடும். மோட்டாரை ஓட்டுவது மெஷினுக்குள்ளேயே இருக்கும் லித்தியம் பேட்டரி. எந்த மோட்டாருக்கு எத்தனை வோல்ட் என்பதை மெஷினைச் செய்தவர்களே முடிவுசெய்து மூடிவிட்டார்கள். கண்டக்டர் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

கவலைப்பட வேண்டியவர்கள் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே இருக்கிறார்கள். கோ.புதூர் தொழிற்பேட்டை, கப்பலூர் தொழிற்பேட்டை, மேலூர் சாலையின் இருபுறமும் உள்ள பட்டறைகள் என்று மதுரையைச் சுற்றி இதே குடும்பத்தைச் சேர்ந்த பெரிய மோட்டார்கள் ஓடுகின்றன. தேக்கு நிலைக்கதவில் கொடியும் யானையும் குடையும் ரவுட்டர் மெஷின், கடைப் பெயர்ப்பலகைக்கு அக்ரிலிக் எழுத்து வெட்டும் லேசர் மெஷின், வண்டிகளுக்கு ஸ்டிக்கர் வெட்டும் பிளாட்டர், கல்லூரி மாணவர்கள் இறுதியாண்டு புராஜெக்ட்டுக்காக அமைக்கும் 3டி பிரிண்டர் என எல்லாவற்றிலும் ஸ்டெப்பர்தான். இவற்றில் கணிசமானவை உதிரிபாகமாக வாங்கி உள்ளூரிலேயே கூட்டிச் சேர்த்தவை. மோட்டார் ஒரு கடையில், டிரைவர் இன்னொரு கடையில். மீதி சென்னை ரிச்சி தெருவிலிருந்தோ கோவையிலிருந்தோ ஆம்னி பஸ் பார்சலில் வந்து இறங்கும். கடைசியாக, ‘ஏதோ ஒன்று போதும்’ என்ற நினைப்போடு வாங்கப்படுவது பவர் சப்ளை. மெஷின் ஒழுங்காக ஓடுமா, பாதி வேலையில் தடுமாறுமா என்பதைப் பெரும்பாலும் அதுதான் தீர்மானிக்கிறது.

ஸ்டெப்பர் மோட்டார் மற்ற மோட்டார்களைப் போல மின்சாரம் கொடுத்ததும் சுற்றிக்கொண்டே இருப்பதில்லை. அதன் நடு அச்சில் ஐம்பது நுண்ணிய பற்கள் கொண்ட காந்தச் சக்கரம் இருக்கிறது. சுற்றிலும் இரண்டு தொகுதிக் காயில்கள். ஒரு தொகுதியில் மின்னோட்டத்தை மாற்றினால் அச்சு ஓர் அடி, அதாவது 1.8 டிகிரி, திரும்பி அங்கேயே பிடித்துக்கொண்டு நிற்கும். இருநூறு முறை மாற்றினால் ஒரு முழுச் சுற்று. இந்த மாற்றும் வேலையைச் செய்கிற பலகைக்குத்தான் டிரைவர் என்று பெயர். பெரும்பாலான ஸ்டெப்பர்களில் ‘திரும்பியாச்சா இல்லையா’ என்று பார்த்துச் சொல்ல எதுவும் கிடையாது. கம்ப்யூட்டர் பத்தாயிரம் அடி என்று கட்டளையிட்டால் பத்தாயிரமும் நடந்துவிட்டதாகவே எடுத்துக்கொள்ளும். நடுவில் நூறு அடி தவறியிருந்தால் அதற்குத் தெரியாது. உளி அந்த அளவுக்குத் தள்ளிப்போய், கொடியின் மேல் இன்னொரு கொடியைக் குடையும்.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. 1920களிலும் 30களிலும் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் பீரங்கி, டார்பிடோ குழாய்களின் திசையைத் தூரத்திலிருந்து காட்டுவதற்கு இந்த வகைக் கருவிகள் பயன்பட்டன. ஆனால் அது சிறு பட்டறைகளுக்குப் பரவலாக வந்தது அண்மைக் காலத்தில்தான். 2005-ல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் தொடங்கிய ‘ரெப்ராப்’ திட்டம், யாரும் வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடிய 3டி பிரிண்டரின் வரைபடங்களை இலவசமாகக் கொடுத்தது. சின்ன ஸ்டெப்பர்களும் அவற்றுக்கான டிரைவர்களும் உலகமெங்கும் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு.

இனி எலக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போகலாம். அங்கே இப்படி ஒரு பேச்சு சாதாரணமாக நடக்கும்.

“அண்ணே, நாலு மோட்டாரு. ஒவ்வொண்ணும் மூணு ஆம்ப்பு. எவ்வளவு சப்ளைண்ணே போடணும்?”

“பன்னெண்டு வோல்ட்டுல முப்பது ஆம்ப்பு இருக்கு தம்பி. சி.சி.டி.வி.க்கு, எல்.இ.டி. போர்டுக்கெல்லாம் அதத்தான் கொண்டுபோறாங்க. எவ்வளவு லோடு குடுத்தாலும் தாங்கும்.”

கேட்டவரும் ஏமாற்றவில்லை, சொன்னவரும் ஏமாற்றவில்லை. பேச்சு முழுவதும் ஆம்பைப் பற்றியே நடந்ததுதான் கோளாறு. அதே அலமாரியில், அதே அளவில், அதே துளை போட்ட தகரப் பெட்டியில் ‘36 வோல்ட், 9.7 ஆம்ப்’ என்று எழுதிய எஸ்.எம்.பி.எஸ். வகைப் பவர் சப்ளை ஒன்றும் இருந்திருக்கும். 12-ஐ 30-ஆல் பெருக்கினால் 360 வாட். 36-ஐ 9.7-ஆல் பெருக்கினால் 349 வாட். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சக்தி. ஆனால் ரவுட்டர் மெஷினில் மாட்டினால் முதல் பெட்டியோடு வண்டி தவழும், இரண்டாவதோடு ஓடும்.

குழப்பம் மோட்டாரின் லேபிளிலிருந்தே ஆரம்பிக்கிறது. ரவுட்டர்களில் பரவலாகப் போடப்படும் ‘நீமா 23’ வகை மோட்டாரின் முகப்பு 57 மில்லிமீட்டர் சதுரம். அதன் விவரத்தாளில் ஒரு காயிலுக்கு 3 ஆம்ப், மின்தடை 1 ஓம், இண்டக்டன்ஸ் 3 மில்லிஹென்றி என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். 3 ஆம்பை 1 ஓமால் பெருக்கினால் 3 வோல்ட். சில லேபிள்களில் இந்த 3 வோல்ட்டையே மோட்டாரின் வோல்ட்டாக அச்சடித்திருப்பார்கள். மோட்டார் அசையாமல் நிற்கும்போது 3 ஆம்ப் பாய அந்த 3 வோல்ட் போதும் என்பதே அதன் பொருள். ஓடும்போது எவ்வளவு வேண்டும் என்று அது சொல்லவில்லை.

ஓடும்போது நேரம் குறுக்கே வருகிறது. ரவுட்டரின் திருகுத்தண்டு ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் நகரும் என்றால், மரத்தில் நிமிடத்துக்கு 3 மீட்டர் வேகத்தில் போக மோட்டார் செகண்டுக்கு 10 சுற்றுச் சுற்ற வேண்டும். அதாவது செகண்டுக்கு 2,000 அடி. ஓர் அடிக்குக் கிடைப்பது அரை மில்லி செகண்ட். ஒரு செகண்டை ஆயிரமாகப் பிரித்து அதிலும் பாதி. அந்தப் பொழுதுக்குள் காயிலில் மின்னோட்டம் முழுமையாக ஏறியாக வேண்டும். காயிலோ மின்னோட்டத்தின் எந்த மாற்றத்தையும் எதிர்ப்பது. இண்டக்டன்ஸ் என்பது அந்தப் பிடிவாதத்தின் அளவு. மாட்டுத்தாவணியில் ஒரே நிமிடம் நின்று கிளம்பும் பஸ்ஸில் ஐம்பது பேர் ஏறியாக வேண்டும் என்றால் பின்னாலிருந்து எவ்வளவு பலமாக நெருக்குகிறார்கள் என்பதுதானே முக்கியம்? மின்சாரத்தில் அந்த நெருக்கலின் பெயர் வோல்ட்.

கணக்கில் இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. மேலே சொன்ன மோட்டாருக்கு 3 வோல்ட் கொடுத்தால் அரை மில்லி செகண்டில் அரை ஆம்ப்கூட ஏறாது. 12 வோல்ட் கொடுத்தால் ஏறக்குறைய 1.8 ஆம்ப். 36 வோல்ட் கொடுத்தால் முழு 3 ஆம்பும் கால் மில்லி செகண்டில் ஏறிவிடும், மீதி நேரத்துக்கு முழு விசையோடு இழுக்கலாம். சுழலும் மோட்டார் தானே ஒரு டைனமோவாகி எதிர் அழுத்தம் உண்டாக்கும் என்பதை இங்கே கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்தால் 12 வோல்ட்டின் நிலைமை இதைவிட மோசம். வண்டி மெதுவாகப் போகும்வரை எல்லாம் நன்றாக இருக்கும். வேகத்தைக் கூட்டியதும் மோட்டார் ‘ஙீ’ என்று கத்திக்கொண்டு அதே இடத்தில் நின்றுவிடும். பட்டறைக்காரர் மோட்டாருக்குத் திராணி இல்லை என்று முடிவுகட்டி, அதைவிடப் பெரிய மோட்டாரை வாங்கி மாட்டுவார். பெரிய மோட்டாரின் காயிலுக்கு இண்டக்டன்ஸ் பெரும்பாலும் இன்னும் அதிகம். அது இன்னும் சீக்கிரம் கத்தும்.

அப்படியானால் 3 ஆம்ப் மட்டுமே தாங்கும் 1 ஓம் காயிலில் 36 வோல்ட்டைக் கொடுத்தால் 36 ஆம்ப் பாய்ந்து எரிந்துவிடாதா? நியாயமான பயம். இங்கேதான் இன்றைய டிரைவர்களின் வேலை இருக்கிறது. அவை ‘சாப்பர்’ வகை. மின்னோட்டம் 3 ஆம்பைத் தொட்டதும் வெட்டும், சற்று இறங்கியதும் மறுபடி சேர்க்கும். இது செகண்டுக்குப் பல்லாயிரம் முறை நடக்கிறது. மின்னோட்டத்தின் உச்சவரம்பைப் பலகையில் இருக்கும் குட்டி சுவிட்சுகளிலோ திருகிலோ நாமே வைத்துவிடலாம். ஆக, எவ்வளவு ஆம்ப் என்பதை டிரைவர் பார்த்துக்கொள்கிறது. எவ்வளவு சீக்கிரம் என்பது பவர் சப்ளையின் வோல்ட்டைப் பொறுத்தது. சாப்பர் வருவதற்கு முந்தைய காலத்தில் காயிலோடு தொடராகப் பெரிய மின்தடைகளை மாட்டி அதிக வோல்ட்டைக் கொடுத்தார்கள். மோட்டாருக்குப் போனதைவிட அந்த மின்தடைகளில் சூடாக வீணானதே அதிகம்.

எவ்வளவு வோல்ட் வரை போகலாம் என்பதற்கு, இப்படிக் கம்ப்யூட்டர் ஓட்டும் சி.என்.சி. மெஷின்களைக் கூட்டுபவர்களிடையே ஒரு தோராயக் கணக்கு புழங்குகிறது. அமெரிக்காவின் கெக்கோடிரைவ் நிறுவனத்தை நடத்திய மாரிஸ் ஃப்ரைமனிஸ் பரப்பியது அது. மோட்டாரின் இண்டக்டன்ஸை மில்லிஹென்றியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 32-ஆல் பெருக்க வேண்டும். நம் 3 மில்லிஹென்றி மோட்டாருக்கு 55 வோல்ட் வருகிறது. இது உச்சவரம்பு, கட்டாயம் எட்ட வேண்டிய இலக்கு இல்லை. இதற்கு மேல் போனால் கூடுதல் வேகத்தைவிட இரும்பில் ஏறும் சூடுதான் அதிகம். மோட்டார் வாங்கும்போது ஆம்பையும் எத்தனை கிலோ இழுக்கும் என்பதையும் மட்டும் கேட்டுவிட்டு வருகிறவர்கள் ‘எத்தனை மில்லிஹென்றி’ என்று ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். விவரத்தாள் இல்லை என்று சொல்லும் கடையில் மோட்டார் வாங்காமல் இருப்பதே நல்லது.

அடுத்த வரம்பு டிரைவருடையது. 3டி பிரிண்டர்களில் வந்த ஏ 4988 சில்லு 35 வோல்ட் வரை தாங்கும், டி.ஆர்.வி. 8825 என்பது 45 வரை. பட்டறைகளில் மலிவுக்குப் பேர்போன டி.பி. 6600 பலகைகளில் 42 வோல்ட் என்று எழுதியிருக்கும். அந்தப் பெயரில் விற்பனையாகும் எல்லாப் பலகைகளிலும் அதே சில்லு இருப்பதில்லை என்பதால், எழுதியிருப்பதை அப்படியே நம்பி விளிம்புவரை போவது ஆபத்து. டி.எம். 542 வகை டிரைவர்களுக்கு 50 வோல்ட் எல்லை. அதில் 48 வோல்ட் சப்ளையை மாட்டலாமா என்றால், காகிதத்தில் மாட்டலாம். இரண்டு வோல்ட் இடைவெளியில் மெஷின் நிம்மதியாக ஓடும் என்று எதிர்பார்ப்பதுதான் பேராசை. காரணம் பின்னால் வருகிறது. 36 வோல்ட் பெட்டியே இந்த டிரைவருக்குப் பொருத்தம். 48 வோல்ட் பெட்டிதான் கைவசம் இருக்கிறது என்றால் அதன் ஓரத்தில் உள்ள சின்னத் திருகைத் திருப்பி, பெரும்பாலான பெட்டிகளில் பத்து சதவீதம் வரை இறக்கிக்கொள்ளலாம்.

இனி ஆம்ப். நான்கு மோட்டார், ஒவ்வொன்றிலும் இரண்டு காயில், காயிலுக்கு 3 ஆம்ப் என்று பெருக்கி 24 ஆம்ப் வேண்டும் என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. காயிலில் ஓடும் ஆம்பும் சப்ளையிலிருந்து இழுக்கும் ஆம்பும் ஒன்று என்ற எண்ணம்தான் இதற்குக் காரணம். டிரைவர் 36 வோல்ட்டை வெட்டி வெட்டிக் கொடுப்பதால், குறைந்த ஆம்பை உள்ளே வாங்கி அதிக ஆம்பைக் காயிலில் சுற்றவிடுகிறது. மோட்டார் சும்மா பிடித்துக்கொண்டு நிற்கும்போது அதன் காயில்களில் சூடாகப் போவது சுமார் 9 வாட். 36 வோல்ட்டில் அது கால் ஆம்ப்தான், டிரைவரின் சொந்தச் செலவு தனி. மரத்தை வெட்டிக்கொண்டு ஓடும்போது செய்யும் வேலையும் சேர்ந்து 50 வாட் என்று வைத்தாலும் ஒன்றரை ஆம்பைத் தாண்டாது. காயிலின் ஆம்பில் மூன்றில் இரண்டு பங்கை ஒரு மோட்டாருக்கு ஒதுக்கினால் தாராளம் என்பது நடைமுறை விதி. ஒரு மோட்டாருக்கு 2 ஆம்ப், நான்குக்கு 8. அந்த 9.7 ஆம்ப் பெட்டி போதும், கொஞ்சம் மிச்சமும் இருக்கும். பெயர் தெரியாத பெட்டிகளில் எழுதியிருக்கும் வாட்டில் கால் பங்கைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடுவது பாதுகாப்பு.

வோல்ட் கூடினால் எல்லாமே கூடும் என்று நினைத்துவிடக் கூடாது. நிற்கும்போது இருக்கும் பிடிமானம் 12 வோல்ட்டிலும் 36 வோல்ட்டிலும் ஒன்றுதான். அதை ஆம்ப்தான் முடிவுசெய்கிறது. ஆகவே மெதுவாக மட்டுமே நகரும் மெஷினுக்கு அதிக வோல்ட் தேவையில்லை. மாணவர்கள் முதன்முதலில் கையில் எடுக்கும் 28பி.ஒய்.ஜே.-48 என்ற சிறு மோட்டாருக்கு இந்தக் கட்டுரையின் கணக்கே பொருந்தாது. அதன் கூடவே வரும் யு.எல்.என். 2003 பலகை வெறும் சுவிட்ச், மின்னோட்டத்தை வெட்டத் தெரியாது. 5 வோல்ட் என்று எழுதியிருந்தால் அங்கே 5 வோல்ட்தான். 12 கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் வாசம் வரும்.

48 வோல்ட் ஏன் வேண்டாம் என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. ரவுட்டரின் குறுக்குச் சட்டம் சுமார் 30 கிலோ எடையோடு நிமிடத்துக்கு 12 மீட்டர் வேகத்தில் ஓடி வந்து சட்டென்று நிற்கிறது. அந்த ஓட்டத்தில் இருந்த ஆற்றல் 0.6 ஜூல். கொஞ்சம் உராய்விலும் காயிலிலும் சூடாகக் கரையும். மீதியை, அந்த நொடியில் ஜெனரேட்டராகிவிட்ட மோட்டார்கள் டிரைவர் வழியாகச் சப்ளைக்கே திருப்பி அனுப்பும். எஸ்.எம்.பி.எஸ். கொடுக்கத்தான் செய்யும், திருப்பி வாங்கிக்கொள்ளாது. வந்தது அங்கிருக்கும் கெப்பாசிட்டரில் ஏறும். மொத்தம் 1,000 மைக்ரோஃபாரட்தான் இருக்கிறது என்று வைத்து, 0.6 ஜூலும் வந்து சேர்ந்தால் 36 வோல்ட் 50-ஐத் தொட்டுவிடும். சில பெட்டிகள் வோல்ட் ஏறியதைப் பார்த்துத் தாமே அணைந்துகொள்ளும், வேலை பாதியில் நிற்கும். அணையாத இடத்தில் டிரைவர் சில்லு வெடிக்கும். 10,000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றை டிரைவர்களுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டால் அதே 0.6 ஜூலுக்கு வோல்ட் 37.6-க்கு மேல் போகாது. அது தாங்கும் வோல்ட் 63-ஆகவாவது இருக்கட்டும். பெரிய கெப்பாசிட்டரைப் போட்டதும் சில பெட்டிகள் தொடக்கத்திலேயே ஷார்ட் என்று நினைத்து அடம்பிடிக்கும். அப்போது அளவைக் குறைத்து, மெஷினின் வேகம் கூடிக் குறையும் வீதத்தையும் மென்மையாக வைக்க வேண்டும்.

இந்தக் காரணத்துக்காகவே பழைய கைகள் இன்னமும் எஸ்.எம்.பி.எஸ்.ஸை நம்புவதில்லை. காயில் கட்டுகிற கடையில் சொல்லி டிரான்ஸ்ஃபார்மர் கட்டி வாங்கி, டயோடு பிரிட்ஜும் பெரிய கெப்பாசிட்டரும் சேர்த்துத் தாங்களே சப்ளை செய்துகொள்கிறார்கள். எடை அதிகம், ஆனால் முரட்டுச் சாமான். ஒரு நொடிக்கு இரண்டு மடங்கு கேட்டாலும் கொடுக்கும், திரும்பி வந்தாலும் வாங்கிக்கொள்ளும், உள்ளே பழுதாகவும் அதிகம் இல்லை. கணக்கும் எளிது. டிரான்ஸ்ஃபார்மரின் வெளிவோல்ட்டை 1.414-ஆல் பெருக்கி, டயோடுகளுக்காக ஒன்றரை வோல்ட்டைக் கழித்தால் கிடைப்பது டி.சி. வோல்ட். 28 வோல்ட் ஏ.சி. என்றால் சுமார் 38 வோல்ட் டி.சி. கெப்பாசிட்டருக்கும் ஒரு தோராயம் உண்டு. 80,000-ஐ ஆம்பால் பெருக்கி வோல்ட்டால் வகுத்தால் மைக்ரோஃபாரட் வரும். 8 ஆம்புக்கு ஏறக்குறைய 17,000. டிரான்ஸ்ஃபார்மர் 500 வி.ஏ. இருந்தால் திணறாது.

ஆனால் முரட்டுச் சாமானுக்கு ஒரு பலவீனம் உண்டு. வீதியில் வோல்ட் ஏறினால் இதிலும் ஏறும், இறங்கினால் இதிலும் இறங்கும். நம் ஊரில் 230 வோல்ட் என்பது பேச்சுக்கு. விதிப்படி ஆறு சதவீதம் கூடலாம் குறையலாம், அதாவது 216-லிருந்து 244 வரை. ஒத்தக்கடை, மேலூர்ப் பக்கம் வயல்களுக்கு நடுவே லைனின் கடைசியில் இருக்கும் பட்டறையில், பம்ப்செட் எல்லாம் ஓடும் நேரத்தில் மீட்டர் காட்டுவது அதைவிடக் குறைவாக இருக்கலாம். எல்லாம் நின்ற பிறகு நடுராத்திரியில் ஏறவும் செய்யும். 250 வரை ஏறுகிறது என்றும், சுமை இல்லாதபோது டிரான்ஸ்ஃபார்மர் எட்டு சதவீதம் கூடுதலாகக் காட்டுகிறது என்றும் வைத்தால் நம் 38 வோல்ட் 45 ஆகிவிடும். 50 வோல்ட் டிரைவர் தப்பிக்கும். ‘இன்னும் கொஞ்சம் வேகம் கிடைக்கட்டும்’ என்று 28-க்குப் பதிலாக 32 வோல்ட் கட்டச் சொன்னவருடைய டிரைவருக்கு அதே ராத்திரியில் 51-க்கு மேல் வந்து சேரும். அவர் மெஷினை அணைக்காமல் வீட்டுக்குப் போயிருந்தால் காலையில் புது டிரைவர் வாங்க வேண்டும்.

எஸ்.எம்.பி.எஸ். இந்த ஏற்ற இறக்கத்தைத் தானே சமாளித்துக்கொள்ளும். வீதியில் 190 வந்தாலும் 250 வந்தாலும் வெளியே 36 மாறாது. ஆனால் 350 வாட் பெட்டிகள் பலவற்றில் பக்கவாட்டில் 115, 230 என்று ஒரு சிறு சிவப்பு சுவிட்ச் இருக்கும். உலகம் முழுக்க விற்பதற்காகச் செய்தது. 115-ல் இருப்பதைக் கவனிக்காமல் நம் ஊர் மின்சாரத்தில் சொருகினால் ஒரே சத்தம், அதோடு பெட்டி போச்சு. 230 பக்கம் சரியாக வைத்திருந்தாலும் அந்த வகைப் பெட்டிகளுக்குப் பொதுவாக 180 வோல்ட்டாவது வேண்டும். அதற்குக் கீழே போகும் இடங்களில் ஸ்டெபிலைசர் இல்லாமல் முடியாது.

கரண்ட் கட் வேறு கதை. 2012-ல் சென்னைக்கு வெளியே தமிழகம் ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேலும் இருட்டில் கிடந்தது. இன்று நிலைமை அப்படி இல்லை என்றாலும், பராமரிப்பு நாளும் கோடை மழையும் இருக்கவே செய்கின்றன. பல பட்டறைகளில் கம்ப்யூட்டருக்கு மட்டும் யு.பி.எஸ். இருக்கும், மெஷினுக்கு இருக்காது. கரண்ட் போனதும் மோட்டார்கள் பிடியை விட்டுவிடும். யு.பி.எஸ்.ஸில் ஓடும் கம்ப்யூட்டரோ நடப்பது தெரியாமல் அடியெண்ணிக் கட்டளைகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். ஆறு மணி நேர வேலையில் நாலாவது மணியில் இது நடந்தால், கரண்ட் திரும்பியதும் உளி எங்கே நிற்கிறது என்பதும் கம்ப்யூட்டர் எங்கே நிற்பதாக நினைக்கிறது என்பதும் வேறு வேறு. தேக்குப் பலகையின் விலை தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். நான்கு மோட்டாரையும் டிரைவரையும் ஓட்டத் தேவை 350 வாட்டுக்குள்தான். அதையும் யு.பி.எஸ்.ஸில் சேர்க்க முடியும். மரத்தைக் குடையும் ஸ்பிண்டில் மோட்டார்தான் இரண்டு கிலோவாட்டைத் தாண்டும். ஸ்பிண்டில் நின்றதும் கம்ப்யூட்டருக்கு நிறுத்தச் சொல்லும் ஒரு ரிலேயைப் போட்டு, மோட்டார்களை மட்டும் யு.பி.எஸ்.ஸில் பிடித்து நிறுத்தினால் இடம் தவறாது.

மதுரை வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மே மாதத்தில் வெளியே 40 டிகிரி என்றால் தகர ஷெட்டுக்குக் கீழே, மூடிய கன்ட்ரோல் பேனலுக்குள் 55 டிகிரி ஆச்சரியமில்லை. பெரும்பாலான எஸ்.எம்.பி.எஸ்.கள் 50 டிகிரி வரைதான் முழு வாட்டையும் கொடுக்கும், அதற்கு மேல் படிப்படியாகக் குறைத்துக்கொள்ள வேண்டும். பேனலுக்கு ஃபேன் வைத்தால் ரவுட்டரின் மரத்தூளை அது உள்ளே இழுக்கும். ஆகவே சப்ளையைச் சுவரில், மெஷினிலிருந்து தள்ளி, வடிகட்டித் துணி போட்ட ஃபேனோடு மாட்டுவது வழக்கமாகியிருக்கிறது. மோட்டார் தொட முடியாத அளவு சுடுகிறது என்று பதற வேண்டாம். மேற்பரப்பில் 70, 80 டிகிரி வரை போவது ஸ்டெப்பருக்கு இயல்பு.

வயரிங்கில் சில பழக்கங்கள் டிரைவரின் ஆயுளை நீட்டும். ஒரு டிரைவரிலிருந்து அடுத்ததற்கு என்று சங்கிலியாக இழுக்காமல், சப்ளையிலிருந்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வயர் போக வேண்டும். மெஷினை அணைக்கும் சுவிட்ச் 230 வோல்ட் பக்கம் இருக்க வேண்டும், சப்ளைக்கும் டிரைவருக்கும் நடுவில் அல்ல. ஓடும் மெஷினில் மோட்டார் வயரைப் பிடுங்கினால் அந்த டிரைவர் பெரும்பாலும் அந்த நொடியே போய்விடும். இரண்டு எஸ்.எம்.பி.எஸ்.களை இணையாகச் சேர்த்து ஆம்பை இரட்டிப்பாக்கும் யோசனையும் வேண்டாம். ஒன்று சுமை முழுவதையும் தூக்கிக்கொண்டு மற்றொன்றைச் சும்மா நிற்கவிடும். இரண்டு மோட்டாருக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுப்பதே முறை.

கிரானைட்டில் எழுத்து வெட்டும் மெஷின்களைப் போன்ற பெரிய வண்டிகளில் 86 மில்லிமீட்டர் முகப்புள்ள ‘நீமா 34’ மோட்டார்கள் வருகின்றன. இவற்றுக்கு 60, 70 வோல்ட் சாதாரணம். டி.எம்.ஏ. 860எச் போன்ற டிரைவர்கள் 80 வோல்ட் வரை ஏ.சி.யையே நேராக வாங்கிக்கொள்ளும். டயோடும் கெப்பாசிட்டரும் உள்ளேயே இருப்பதால் வெளியே டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் போதும். ஆனால் 80 வோல்ட் ஏ.சி. உள்ளே போனால் கெப்பாசிட்டரில் 110 வோல்ட் டி.சி. நிற்கும். சுவிட்சை அணைத்த பிறகும் சில நிமிடங்களுக்கு அது அங்கேயே இருக்கும். பேனலைத் திறந்ததும் கை வைக்காமல் முதலில் மல்டிமீட்டரை வைப்பதுதான் எலக்ட்ரீஷியன்களின் வழக்கம்.

அண்மைக் காலமாக ‘குளோஸ்டு லூப்’ ஸ்டெப்பர்கள் பட்டறைகளுக்குள் நுழைந்திருக்கின்றன. மோட்டாரின் பின்புறம் அச்சு திரும்பியதை அளக்கும் என்கோடர் இருப்பதால், அடி தவறினால் டிரைவருக்குத் தெரிந்துவிடும். சுமை குறைந்தால் ஆம்பைக் குறைத்துக்கொள்ளும், பின்தங்கினால் சட்டென்று முழு ஆம்பையும் கேட்கும். சராசரியைப் பார்த்து வாங்கிய சப்ளை அந்தத் திடீர்க் கேள்வியில் தொய்ந்துவிடும் என்பதால், இவற்றுக்கு மூன்றில் இரண்டு பங்கு விதியை விட்டுவிட்டு லேபிளில் உள்ள முழு ஆம்பையே ஒதுக்குகிறார்கள். தொய்கிறதா என்று பார்க்க டிரைவரின் முனையில் மல்டிமீட்டரை வைத்து, எல்லா அச்சுகளையும் ஒரே சமயத்தில் வேகமெடுக்க விட்டால் போதும். 36 வோல்ட் அந்தச் சமயத்தில் 33-க்குக் கீழே இறங்கினால் சப்ளை சிறிது, அல்லது வயர் மெலிது. சப்ளையின் முனையில் 36 குறையாமல் நின்று, டிரைவரின் முனையில் மட்டும் இறங்கினால் மாற்ற வேண்டியது வயரைத்தான்.